இல்லை என்பதற்கு ஒரு பொத்தான்

கத்தரி மேடம் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அவர் வந்து சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆயுத பூஜைக்கு ஆபீஸ் சாமான்களுக்கெல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவர், மேசை மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, “சார், உங்க மேடத்துக்கு நீங்களே பொட்டு வெச்சுருங்க” என்று என்னிடம் நீட்டினார். அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பனியன் கம்பெனிகளுக்கும் அவற்றை ஒட்டிப் பிழைக்கிற மற்றவர்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதித் தருவது எங்கள் தொழில். தலைமை ஆபீஸ் கோயம்புத்தூரில். அங்கே வெளிநாட்டு வங்கிகளுக்கு வேலை செய்வார்கள். அதனால் ஒரு ப்ராஜெக்ட்டை எப்படி ஆரம்பித்து எப்படி முடிக்க வேண்டும் என்று தலையணை பருமனுக்கு ஒரு ‘ப்ராசஸ்’ வைத்திருந்தார்கள். என்ன வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்க வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்க வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும், சோதனைக்கு முன்னால் ஒரு அறிக்கை, பின்னால் ஒரு அறிக்கை. வங்கிக்கு எழுதினாலும் அதுதான், பல்லடத்துக் கோழிப்பண்ணைக்குத் தீவனக் கணக்கு எழுதினாலும் அதுதான்.

ஒவ்வொரு படிக்கும் கணினியில் ஒரு கேள்வி இருக்கும். ‘செய்யப்பட்டதா?’ ஆம் என்றால் ஒரு கிளிக், அத்தோடு சரி. இல்லை என்றால் வரிசையாக ஆறு திரை திறக்கும். ஏன் செய்யவில்லை, யார் அனுமதித்தது, என்ன பாதிப்பு, எப்போது சரிசெய்வீர்கள் என்று குடைந்து எடுத்துவிடும். அதனால் எங்கள் கிளையில் எல்லாப் படிகளும் எப்போதும் செய்யப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுவிட்டுக் கீழே பேக்கரிக்குத் தேங்காய் பன் சாப்பிடப் போய்விடுவோம்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ‘திட்டத்தின் தன்மைக்கேற்ப மேற்கண்ட படிகளை மாற்றியமைத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருந்தது. எங்களில் யாரும் அதுவரை போனதில்லை. எந்த ப்ராஜெக்ட்டுக்கு எந்தப் படி என்று பார்க்கிற பொறுப்பில் வந்த கத்தரி மேடம் அங்கிருந்துதான் படிக்கவே ஆரம்பித்தார்.

படிக்கிற விதமே ஒரு தினுசு. தாளின் மேல் இடது உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொள்வார். ஒரு வரிதான் வெளியே தெரியும். அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கேட்பார்: “இது யாருக்கோசரமுங்க?”

பதில் சொல்ல வேண்டும். ‘புத்தகத்தில் இருக்கிறது’ என்பது பதில் இல்லை. இன்னாருக்காக என்று ஒரு ஆளைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஏன் அடித்தோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு உள்ளங்கையைக் கீழே நகர்த்துவார். அடுத்த வரிக்கும் அதே கேள்வி. ஒரு மத்தியானம் முழுக்க இது நடக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். அந்தக் கிளையில் நான் அவரைவிட சர்வீஸில் மூத்தவன். சோதனைப் பிரிவு என்னுடையது. வயசும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கேயோ மூலனூரிலிருந்து வந்து என்னைக் கேள்வி கேட்க இவர் யார் என்று வீட்டில் போய்ப் புலம்பியிருக்கிறேன்.

அந்த மூலனூரிலிருந்துதான் திங்கட்கிழமை தவறாமல் முருங்கைக்காய் வரும். அவருடைய அப்பா அங்கே முருங்கை போட்டிருந்தார். பஸ்ஸில் ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார். சும்மா பிரித்துக் கொடுக்க மாட்டார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு காய். எனக்கு மட்டும் எப்போதும் முத்தலாகவே வரும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க மேடம், எனக்குன்னு பாத்து முத்தலா எடுத்து வெக்கறீங்களா?”

“ஆமாங்க. உங்க ஊட்ல கொழம்புக்குத்தானுங்க போடறீங்க? எளசு போட்டாக் கரைஞ்சு போயிருமுங்க. அந்தப் புள்ளை கைக்கொழந்தைக்காரி, பொரியல் பண்ணுவா, அவளுக்கு எளசு. எல்லாருக்கும் ஒரே காயக் குடுக்கறதுக்கு நான் எதுக்குங்க, கடைக்காரரே போதுமே!”

எங்கள் வீட்டுக் குழம்பு வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பல்லடத்தில் ஒரு விசைத்தறிக்காரருக்கு வேலை எடுத்தோம். புத்தகப்படி அறுபது பக்கத்துக்குத் தேவைகளை எழுதி அவரிடம் நீட்டினால் மனுஷன் எழுந்தே போய்விட்டார். “படிக்கறதுன்னா ஆளை உடுங்க சாமி. போட்டுக் காட்டுங்க, பாத்துச் சொல்றேன்” என்றார். நான் அந்த ப்ராஜெக்ட் ஊத்திக்கொண்டது என்று முடிவு கட்டிவிட்டேன். மேடம் அறுபது பக்கத்தையும் அடித்துவிட்டு, வாராவாரம் தறிக்கூடத்துக்கே கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். தறிச் சத்தத்துக்கு நடுவில் காட்டினார். தறிக்காரர் சொல்வதை அப்படியே போனில் குரலாகப் பதிந்துகொண்டார். ‘கையெழுத்துக்குப் பதில் குரல், காரணம்: இவர் படிக்க மாட்டார், ஆனால் சொன்னால் மாற மாட்டார்’ என்று பென்சிலில் எழுதிவைத்தார். அந்த வேலை ஒரு சண்டை சச்சரவில்லாமல் முடிந்தது.

எல்லாம் இப்படியே நடந்தது என்று சொன்னால் அது பொய். உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவருக்கு ‘இங்கே ஒரே ஒரு கணக்குப்பிள்ளை, அவருக்கு நேரில் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது’ என்று கையேடு எழுதும் படியை வெட்டினார். அடுத்த மாதமே அந்தக் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் பொழுது விடிந்தால் எனக்குப் போன் போட ஆரம்பித்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். போனை மேடத்தின் மேசை மேல் வைத்து, “வெட்டுனவங்களே பேசுங்க” என்றேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தன்னுடைய பழைய குறிப்புக்குக் கீழேயே ‘வெட்டியது தவறு, நான்தான் வெட்டினேன்’ என்று எழுதி, கையேட்டையும் உட்கார்ந்து அவரே எழுதிக்கொடுத்தார். தன் தப்பை இவ்வளவு சாவதானமாக எழுதுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து பழனிக்கு நடந்து போகிற வழக்கம் அவருக்கு. முட்டிவலி வந்த வருஷம் பாதித் தூரம் பஸ்ஸில் போய்விட்டார். “முருகனையே வெட்டிப்போட்டீங்களா?” என்று கேட்டேன். “அவருக்கு என்ற முட்டியப் பத்தித் தெரியாதுங்களா?” என்று சிரித்தார். பிறகு, “ஆனா படிக்கட்டு மட்டும் நடந்துதானுங்க ஏறுனேன். வின்ச் ரயில்ல போலீங்க. அதையும் உட்டுட்டா அப்பறம் எதுக்குங்க அத்தன தூரம் போறது?” என்றார். வெட்டுவதை மட்டும்தான் நான் அதுவரை கவனித்திருந்தேன். எதை வெட்ட மாட்டார் என்று பார்த்தது ஊசி வேலையில்தான்.

பச்சைக்குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி அது. தைக்கும்போது ஊசி உடைந்தால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஒட்டுத்தாளில் முழு ஊசியாக வரிசைப்படுத்தி ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். முனை கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள துணி முழுவதையும் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடைசியில் இரும்பு கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது என்றாலும் அதை மட்டும் நம்பி யாரும் விடுவதில்லை. இந்த ஊசிக் கணக்கைக் கணினிக்கு மாற்றித் தரக் கேட்டார்கள். எங்கள் கைக்கு அது சுண்டைக்காய் வேலை. புத்தகத்தின் அந்தக் கடைசி வரிப்படி, சின்ன ப்ராஜெக்ட் என்று பாதிப் படியை விட்டுவிடலாம்.

அவர் உள்ளங்கையை வைத்து வரிவரியாகப் படித்தார். ஒன்றைக்கூட அடிக்கவில்லை. போதாக்குறைக்குப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: முதலில் ஒரே ஒரு தையல் லைனில் மட்டும் ஓடவிட்டு, நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

“சுண்டைக்காய்க்கு எதுக்குங்க இத்தன ஆர்ப்பாட்டம்?” என்றேன்.

“தப்பாப் போனா அழுவறது யாருங்க சார்? நமக்குப் பணம் குடுக்கறவரில்லீங்க. பேசத் தெரியாத கொழந்தைங்க. எங்க குத்துதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமுங்களா?”

நான் நோட்டை எடுத்து எல்லாப் படிக்கும் தேதி குறிக்க ஆரம்பித்தேன்.

சின்ன வேலை என்பதால் திரையையும் நானே வரைந்தேன். ஊசி உடைந்ததும் லைன் சூப்பர்வைசர் வந்து பதிய வேண்டும். ‘துண்டுகள் முழுவதும் கிடைத்தனவா?’ ஆம் என்றால் புது ஊசிக்குச் சீட்டு வந்துவிடும். இல்லை என்றால் மெஷின் எண், துணிக்கட்டு எண், காரணம், புகைப்படம், மேனேஜரின் கடவுச்சொல் என்று ஆறு திரை. ரொம்பப் பந்தோபஸ்தாகச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு ஸ்டூல் போட்டு லைன் ஓரத்தில் உட்கார்ந்தோம். ஓவர்லாக் மெஷினில் ஒரு ஒடிசாப் பெண். அவளுடைய ஊசி டக்கென்று உடைந்தது. கையைத் தூக்கினாள். துண்டுகளைப் பொறுக்கினாள், முனை மட்டும் இல்லை. மடியை உதறினாள், தரையில் குனிந்து தடவினாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். சூப்பர்வைசர் வந்தார், தரையை ஒரு பார்வை பார்த்தார், திரையில் ஆம் என்று அமுக்கினார், புது ஊசியைக் கொடுத்தார். நான் தும்மி முடிப்பதற்குள் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

மேடம் எழுந்து போனார்.

“ஏனுங்க, அந்த மொனை கெடைச்சுதுங்களா?”

“கெடைச்சுருமுங்க மேடம், எங்க போயிரப்போவுது?”

“கெடைச்சுதுங்களான்னு கேட்டனுங்க.”

சூப்பர்வைசர் முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார். முதலாளியே வந்துவிட்டார். கன்டெய்னர் மறுநாள் கிளம்ப வேண்டும், இதென்ன இடைஞ்சல் என்று அவருக்குக் கடுப்பு. மேடம் குரலை உயர்த்தவில்லை. “நீங்க பாக்கச் சொல்லித்தானுங்க வந்தோம், பாத்ததச் சொல்றனுங்க. அந்தத் துணிக்கட்டு போனா நீங்க அதைத் திரும்ப எடுக்க முடியாதுங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் முதலாளி, “என்னமோ பண்ணுங்க” என்று கையை வீசிவிட்டுப் போனார். அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். முனை கிடைக்கவே இல்லை. துணிக்குள் போனதா, தரையில் பஞ்சோடு பஞ்சாகப் பெருக்கிப் போனதா, இன்றுவரை தெரியாது. அந்தக் கட்டை மட்டும் கப்பலுக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள்.

சூப்பர்வைசர் எங்களைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கோபக்காரர் இல்லை, பாவம். “முன்ன பேப்பர்ல துண்டை ஒட்டோணுமுங்க, பொய் சொல்ல வழியில்ல. இப்ப இல்லைன்னு அமுக்குனா ஆறு பக்கம் வருதுங்க. அதை முடிச்சு மேனேஜரைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள டார்கெட் போயிருது. ஆம்னு அமுக்குனா ஒண்ணுமே கேக்கறதில்லீங்க” என்றார்.

பைக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து மேடம் கேட்டார். “உண்மை சொல்றவனுக்கு ஆறு திரை, பொய் சொல்றவனுக்கு ஒரே கிளிக்கு. இந்தப் படத்தை எங்கீங்க சார் பாத்து வரைஞ்சீங்க?”

அவருக்கே தெரியும். எங்கள் ஆபீஸ் திரையைப் பார்த்து வரைந்ததுதான். ஒரு சிக்னல் தாண்டிய பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். பழைய பஸ் ஸ்டாண்டு வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊசித் திரையை மாற்றினோம். தைக்கிறவரே அமுக்குகிற மாதிரி, தமிழிலும் இந்தியிலும், ஒரே அளவில் இரண்டு பொத்தான்கள். ‘கிடைத்தது’ என்றால் துண்டுகளை ஸ்டோர் ஜன்னலில் பழையபடி ஒட்டிக் காட்ட வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்றால் வேறு கேள்வியே கிடையாது; மெஷினுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், சிவப்புக் கூடை வரும், துணியை எடுத்துக்கொண்டு போவார்கள். மற்ற விவரங்களைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம். இதை முதலாளியிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்க மேடம் எத்தனை தடவை நடந்தார் என்று எனக்குத்தான் தெரியும். ‘டார்கெட்டில் அந்த நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்’ என்பதற்கும் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

அதோடு நிற்கவில்லை. எங்கள் ஆபீஸிலும் அதையே செய்தார். எங்கள் கிளையில் மட்டும் ஆறு திரையை எடுத்துவிட்டு ஒரே வரி: ‘செய்யவில்லை, காரணம்’. எழுதினால் யாரும் திட்டக்கூடாது என்று கிளை மேலாளரிடம் வாக்கு வாங்கினார். முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஒருத்தி எழுதினாள்: ‘படித்துப் பார்க்கவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல்.’ மேடம் அந்த வேலையைத் தானே உட்கார்ந்து படித்துப் பார்த்து முடித்தார், திட்டு ஒன்றும் விழவில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் எழுத ஆரம்பித்தோம். எது உண்மையில் நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை என்று எனக்கு அந்த ஆபீஸில் முதன்முறையாகத் தெரிந்தது அப்போதுதான்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து தணிக்கை வந்தது.

முந்தின நாள் மத்தியானமே மேலாளர் மேடத்தின் மேசைக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் பயந்த சுபாவம். “மேடம், மத்த கிளை எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு ஆம்னு இருக்குதாமுங்க. நம்மளதுல பக்கத்துக்கு ஒரு இல்லை. ஒரே நாளைக்கு எல்லாத்தையும் ஆம்னு மாத்திப்போடுங்க. அவங்க போனதும் திருப்பி வெச்சுக்கலாம். இல்லீன்னா உங்க பொறுப்பையே எடுத்துருவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

அவர் கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளினார். “இது யாருக்கோசரமுங்க சார்?”

“உங்களுக்கோசரந்தானுங்க!”

“எனக்கோசரம்னா வேண்டாமுங்க. அந்தப் புள்ளை கொழந்தைக்குக் காய்ச்சல்னு நம்பி எழுதிருக்கறா. அதை நான் ஆம்னு மாத்துனா, நாளைக்கு அவ எங்கிட்ட என்னத்த நம்பிச் சொல்லுவா?”

தணிக்கைக்கு வந்தவரும் மோசமானவர் இல்லை. பென்சில் குறிப்புகள் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். தறிக்காரரின் குரல் பதிவைக் கேட்டுச் சிரித்தார். ‘வெட்டியது தவறு, நான்தான் வெட்டினேன்’ என்ற வரியில் ரொம்ப நேரம் நின்றார். “எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் கொண்டுவந்திருக்கிற படிவத்துல இதை எழுத இடமில்லை” என்றார்.

எங்கள் கிளைக்குக் கடைசி இடம். ஆறு திரை திரும்பி வந்தது. அவரைத் தலைமை ஆபீஸில் ஆவணங்கள் அடுக்குகிற வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். கடைசி நாளன்று எல்லாருக்கும் முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். எனக்கு முத்தல்தான். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது உடுமலைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறார். மேலே ஏறுகிறவர்களுக்கு என்னென்ன சோதனைகள், எந்தக் காற்றாலைக்கு எது என்று பிரித்துத் தருவது வேலை. அங்கேயும் உள்ளங்கையை வைத்துத்தான் படிப்பார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அந்தக் குழந்தைச் சட்டைக் கம்பெனிக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு ஊசி உடைந்தது. ஒரு புதுப் பெண், வடக்கிலிருந்து வந்தவள், தமிழ் அரைகுறை. தேடினாள். பிறகு யாரையும் பார்க்காமல் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. “கெடைக்கலை அண்ணா” என்றாள், தேநீர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. அதே பழைய சூப்பர்வைசர்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ முணுமுணுத்தார், ஆனால் துணியை முழுக்க அள்ளிக்கொண்டு போனார். இந்தப் பொத்தான் எங்கிருந்து வந்தது என்று அந்த லைனில் அவரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆபீஸுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“சூப்பர்வைசர் அந்தப் புள்ளையத் திட்டுனாப்டிங்களா?”

“இல்லீங்க. முணுமுணுத்தாப்டி, அவ்வளவுதான்.”

“முணுமுணுக்கட்டுமுங்க” என்றார். பிறகு, “நீங்க என்ன பண்ணிட்டிருக்கறீங்க?” என்றார்.

எனக்கு முன்னால் திரை திறந்திருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை. ‘வாடிக்கையாளர் இடத்தில் சோதிக்கப்பட்டதா?’ சோதிக்கவில்லை, நேரமில்லை. ஆம் மேல் வைத்திருந்த விரலை எடுத்து இல்லை என்று அமுக்கினேன். முதல் திரை திறந்தது.

“இல்லைன்னு போட்டிருக்கனுங்க மேடம்.”

“ஆறு திரை இன்னும் இருக்குதுங்களா?”

“அப்படியே இருக்குதுங்க.”

“சரி, அவசரப்படாம அடிங்க சார். முடிக்கற வரைக்கும் நான் போனை வெக்க மாட்டனுங்க.”